இல்லாத தடாகத்துக்குப் பொறுப்பாளன்

ஒஸ்லோவின் தெற்குப் பக்கத்தில், ஹொல்ம்லியாவில் உள்ள ஒரு தொடக்கப் பாடசாலையில் நான் வக்மெஸ்டர். கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற ஆள் என்று பொருள். திறக்காத பூட்டு, சூடாகாத வகுப்பறை, அடைத்துக்கொண்ட கழிப்பறை, மாரியில் முற்றத்துப் பனி, கூரையில் ஏறிக்கொண்ட பந்து, எல்லாம் என்னிடம்தான் வரும். பதினேழு வருடங்களில் அந்தக் கட்டடத்துக்குள் நான் போகாத அறை இல்லை. எங்கள் பாடசாலையில் நீச்சல் தடாகம் கிடையாது என்பதை என்னைவிட உறுதியாகச் சொல்லக்கூடியவர் ஒருவரும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

கோடை விடுமுறை முடிந்து பிள்ளைகள் திரும்பிய வாரம், நகர நிர்வாகத்தின் கல்வித் திணைக்களத்திலிருந்து எனக்கொரு மின்னஞ்சல் வந்தது. ‘தடாகப் பொறுப்பாளருக்கு’ என்று தொடங்கி, என் முழுப்பெயரையும் பிழையில்லாமல் எழுதியிருந்தார்கள். பதினேழு வருடங்களில் என் பெயரை அவர்கள் சரியாக எழுதியது அதுதான் முதல்தடவை. தண்ணீரின் வெப்பநிலை, குளோரின் அளவு, ஆழமான பக்கத்தின் ஆழம் ஆகியவற்றை மாதந்தோறும் இணைப்பிலுள்ள படிவத்தில் பதியவேண்டும் என்றிருந்தது.

வேறு பாடசாலைக்குப் போகவேண்டியது மாறி வந்துவிட்டது என்று எண்ணி, ‘எங்கள் பாடசாலையில் தடாகம் இல்லை’ என்று பதில் போட்டேன். இரண்டு நிமிடத்தில் மறுமொழி வந்தது. இந்த முகவரிக்கு வருகிற கடிதங்களை ஒருவரும் வாசிப்பதில்லை, தயவுசெய்து படிவத்தை நிரப்பவும்.

அதிபரிடம் கொண்டுபோனேன். அவர் துரொண்ட்ஹெய்ம் பக்கத்துப் பெண். நடக்கவே மாட்டார், ஓடுவார். ஓடிக்கொண்டே என் தொலைபேசியில் எட்டிப் பார்த்தார்.

“திணைக்களம் புதிய கணினி முறை போட்டிருக்கிறது. எல்லாரும் பைத்தியமாகிப் போயிருக்கிறார்கள். பூச்சியம் என்று போட்டு அனுப்பிவிடுங்கள்.”

எல்லாப் பெட்டிகளிலும் பூச்சியம் போட்டு அனுப்பினேன். அடுத்த நாள் காலை, கழிப்பறைக் குழாய்க்குள் கையை விட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. திணைக்களத்தின் வெப்பநிலைப் பிரிவிலிருந்து ஒரு பெண். குரலில் பதற்றம் இருந்தது.

“உங்கள் தடாகத்தில் தண்ணீர் உறைந்துவிட்டதா?”

“இல்லை.”

“பூச்சியம் பாகை என்று பதிந்திருக்கிறீர்கள். பிள்ளைகள் யாராவது உள்ளே இருக்கிறார்களா?”

“இல்லை, ஒருவரும் இல்லை. தடாகமே இல்லை.”

அவர் மிகவும் பொறுமையாகக் கேட்டார்: “அப்படியென்றால் வெப்பநிலையை எதிலே அளந்தீர்கள்?”

அவர் கோபிக்கவில்லை. தான் வெப்பநிலைக்கு மட்டுமே பொறுப்பென்றும், தடாகம் இருக்கிறதா இல்லையா என்பதை வேறு பிரிவு பார்க்கிறது என்றும், அந்தப் பிரிவில் இப்போது ஆளில்லை என்றும் விளக்கினார். அதுவரைக்கும் இருபத்தேழு பாகை என்று போட்டால் எச்சரிக்கை மணி அடிக்காது என்று ஒரு உபாயமும் சொன்னார். இருபத்தேழு என்று போட்டேன். மணி அடிக்கவில்லை.

அதோடு முடிந்தது என்றுதான் இருந்தேன். செப்டெம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை முற்றத்தில் இலை கூட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு வரிசையாகப் பிள்ளைகள் படலையைத் தாண்டி வந்தார்கள். எங்கள் பிள்ளைகள் இல்லை. ஒவ்வொருவர் தோளிலும் ஒரு துவாய். சிலர் நீச்சல் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி விட்டிருந்தார்கள். முன்னால் வந்த இளம் ஆசிரியை கைகுலுக்கினார்.

“நாங்கள் பியோர்ண்டால் பாடசாலையிலிருந்து வருகிறோம். ஒன்பதரைக்கு எங்களுக்கு உங்கள் தடாகம்.”

நோர்வேயில் நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடசாலையே நீச்சல் பழக்கவேண்டும். எல்லாப் பாடசாலைக்கும் தடாகம் இராது. ஆகவே எந்த வகுப்பு எந்தத் தடாகத்துக்கு எந்த நேரம் போவது என்பதைத் திணைக்களம் பங்கிட்டுக் கொடுக்கும். பங்கிட்ட தாளை ஆசிரியை நீட்டினார். எங்கள் பாடசாலையின் பெயர், செவ்வாய், ஒன்பதரை, பன்னிரண்டு வாரங்கள். பொறுப்பாளர் என்ற இடத்தில் என் பெயர். அங்கேயும் பிழையில்லை.

“இங்கே தடாகம் இல்லை” என்றேன்.

“நிச்சயமாகத் தெரியுமா? கீழே பார்த்தீர்களா?”

அவர் கேட்ட விதத்தில் எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது. வரிசையில் நின்ற ஒரு தமிழ்ப் பிள்ளை என் முகத்தைப் பார்த்து நானும் தமிழனென்று கண்டுபிடித்துக்கொண்டாள்.

“மாமா, பசெங் எங்கை?” தடாகத்துக்கு நோர்வே மொழியில் அதுதான் பெயர்.

“பசெங் இல்லைப் பிள்ளை.”

“அப்ப ஏன் எங்களை ஸ்விம்மிங் உடுப்போட வரச் சொன்னவை?”

நான் திறப்புக்கோர்வையை எடுத்துக்கொண்டு நடந்தேன். அவர்கள் பின்னால் வந்தார்கள். உடற்பயிற்சி மண்டபத்துக்குக் கீழே, படியிறங்கிப் போகிற இடத்தில் ஒரு பெரிய அறை இருக்கிறது. உடைந்த கதிரைகளை அங்கேதான் போடுவேன். கதவைத் திறந்து விளக்கைப் போட்டேன். பிள்ளைகள் துவாயோடு கதிரைக் குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு பிள்ளை மட்டும் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிவிட்டு உள்ளே பார்த்தாள்.

ஆசிரியைக்குப் பெரிய சங்கடம். பாடம் நடந்தது என்று பதியாவிட்டால் மிச்ச வாரங்களையும் திணைக்களம் பிடுங்கிவிடும் என்றார். வேறு தடாகமும் தரமாட்டார்களாம். கொஞ்சம் யோசித்துவிட்டு, மேலே மண்டபத்தில் நீல மெத்தைகள் இருக்கின்றனவா என்று கேட்டார். இருந்தன. பத்து மெத்தைகளை இழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பிள்ளைகள் நீச்சல் உடுப்போடு அதன் மேல் குப்புறப் படுத்துத் தவளை மாதிரிக் கையையும் காலையும் அடித்தார்கள். ஆசிரியை ஓரத்தில் நின்று மூச்சை எப்போது இழுப்பது, எப்போது விடுவது என்று சொல்லிக் கொடுத்தார். முக்கால் மணி நேரம். பிறகு எல்லாரும் துவாயால் துடைத்துக்கொண்டார்கள். உண்மையாகவே வேர்த்திருந்தது. ஆசிரியை தொலைபேசியில் ‘பாடம் நடந்தது’ என்று பதிந்துவிட்டு எனக்கு நன்றி சொன்னார். அடுத்த செவ்வாயும் வந்தார்கள்.

விஷயம் பகிடி இல்லை என்று விளங்கியது அதற்குப் பிறகுதான். எங்கள் நாலாம் வகுப்பு ஆசிரியர் தன் பிள்ளைகளுக்கு நேரம் கேட்டு எழுதியிருக்கிறார். ‘சொந்தத் தடாகம் உள்ள பாடசாலைக்கு வெளியே இடம் ஒதுக்கப்படமாட்டாது’ என்று திணைக்களம் பதில் அனுப்பிவிட்டது. அதைக் கேட்ட அன்று அதிபர் ஓடவில்லை. என் அறையில் வந்து உட்கார்ந்தார். கொதிகலன் அறை அலுமாரியில் பழைய வரைபடங்கள் கிடந்தன. இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தோம். நாலாவது தாளில் அது இருந்தது. மண்டபத்துக்குக் கீழே, நீலப் பென்சிலால், நீளமான ஒரு பெட்டி. கட்டடம் கட்டிய காலத்தில் தடாகமும் திட்டத்தில் இருந்திருக்கிறது. தோண்டும்போது பாறை வந்திருக்கும், விட்டுவிட்டார்கள். தாளில் அழிக்க ஒருவருக்கும் நினைவு வரவில்லை. அந்தக் கோடையில் பழைய தாள்களையெல்லாம் யாரோ புதிய கணினி முறைக்குள் ஏற்றியபோது, தடாகம் பிறந்துவிட்டது.

அதிபர் தொலைபேசியில் கத்தினார். துரொண்ட்ஹெய்ம் பேச்சில் கத்தினால் எனக்குப் பாதிதான் விளங்கும், ஆனால் திணைக்களத்துக்கு முழுவதும் விளங்கியிருக்கவேண்டும். மறுவாரமே ஒரு அதிகாரி வந்தார். நல்ல உயரம், அமைதியான மனிதர், கையில் ஒரு தட்டுக் கணினி. படியிறங்கிக் கதவடிக்கு வந்ததும் நின்று, பையிலிருந்து இரண்டு நீலப் பிளாஸ்ரிக் உறைகளை எடுத்துச் சப்பாத்துக்கு மேல் மாட்டிக்கொண்டார். எனக்கும் ஒரு சோடி தந்தார்.

“தடாகப் பகுதிக்குள் வெளிச் சப்பாத்தோடு போகக்கூடாது” என்றார்.

மாட்டிக்கொண்டேன். இரண்டு பேரும் சரசரவென்று கதிரைகளுக்கு நடுவே நடந்தோம். அவர் சுவரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், குனிந்து சீமெந்தைத் தட்டிப் பார்த்தார்.

“இங்கே தடாகம் இல்லை” என்றார்.

எனக்கு அழுகை வரப் பார்த்தது. இரண்டு மாதத்தில் அதை என்னிடம் சொன்ன முதல் அதிகாரி அவர்தான்.

“அப்ப நீக்கிவிடலாமா?”

அவர் கணினியை என் பக்கம் திருப்பிக் காட்டினார். மூன்று தெரிவுகள் இருந்தன. திறந்துள்ளது. தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது. பாவனையிலிருந்து நீக்கப்படுகிறது. மூன்றாவதை அழுத்த அவருக்கு அதிகாரமில்லை. ஒரு நீச்சல் தடாகத்தை நீக்குவதென்றால் பெற்றோரிடம் கருத்துக் கேட்கவேண்டும், பிறகு அரசியல்வாதிகள் முடிவெடுக்கவேண்டும்.

“‘ஒருபோதும் இருந்ததில்லை’ என்றொரு பெட்டி இருந்தால் நன்றாக இருக்கும்” என்றார் வருத்தத்தோடு. “நான் பரிந்துரைக்கிறேன்.”

அவர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. நான் இந்த நாட்டுக்கு வந்தபோது என் பிறந்த நாளும் மாதமும் இடம் மாறிப் பதிவாகிவிட்டன. திருத்தப் போனால் அகதி விசாரணை திரும்பத் தொடங்கும் என்று பயந்து பேசாமல் இருந்துவிட்டேன். இப்போது அந்தப் பிழையான நாளில்தான் வேலையிடத்தில் எனக்குக் கேக் வெட்டுகிறார்கள், நானும் ஊதி அணைக்கிறேன். தாளில் இருப்பதோடு வாழப் பழகியவன் நான். அவர் இரண்டாவது தெரிவை அழுத்தினார். தடாகம் தற்காலிகமாக மூடப்பட்டது. பியோர்ண்டால் பிள்ளைகளுக்கு வேறு இடம் கிடைத்தது. ஆசிரியை எனக்கு ஒரு நன்றி மடல் அனுப்பியிருந்தார்.

ஆனால் அதிபர் நேர்மையானவர். அரைகுறையாக விடமாட்டார். முறைப்படி நீக்கிவிடும்படி எழுதினார். அதனால் எல்லாப் பெற்றோருக்கும் ஒரு கடிதம் போனது: பாடசாலையின் நீச்சல் தடாகத்தைப் பாவனையிலிருந்து நீக்குவது பற்றி உங்கள் கருத்து என்ன?

கருத்து என்னவாக இருக்கும்? அடுத்த நாள் பின்னேரம் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்ற முதலே தொலைபேசி வந்தது. பெற்றோர் சங்கத்தின் துணைத்தலைவர். மட்டக்களப்புக்காரர், நகரத்தில் பஸ் ஓட்டுகிறார். அவருடைய மகள் எங்கள் நாலாம் வகுப்பில் படிக்கிறாள்.

“என்ன அண்ணன், பசெங்க மூடப் போறாங்களாம், நீங்க பேசாம இரிக்கிறீங்க?”

“தம்பி, அங்கை பசெங் இல்லை.”

“அவங்க அப்பிடித்தான் சொல்லச் சொல்லுவாங்க. உங்கட வேல நிலம எனக்கு விளங்குது. நீங்க ஒண்டும் சொல்ல வேணாம். நாங்க பாத்துக்கிறம்.”

தொலைபேசியை வைத்துவிட்டுக் குசினிக்குள் போனேன். மனைவி முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள்.

“என்னப்பா, நான் கையெழுத்து வைச்சிட்டன்” என்றாள்.

“எதுக்கு?”

“உங்கட பள்ளிக்கூடத்துப் பசெங்கை மூடக்கூடாதெண்டு.”

“அங்கை பசெங் இல்லையெண்டு நான் மூண்டு மாசமா உமக்குச் சொல்லுறனெல்லே?”

“ஓம், சொன்னனீங்கள். ஆனா ஹொல்ம்லியாவில எங்கட சனம் முழுக்க வைச்சிருக்கினம். கோயிலுக்கு வாறவை எல்லாரும் வைச்சிட்டினம். நான் மட்டும் வைக்காட்டி என்ன நினைப்பினம்?”

துரொண்ட்ஹெய்மில் படிக்கிற மகளும் தொலைபேசியில் கூப்பிட்டாள். சின்ன வயதில் அதே பாடசாலையில்தான் ஏழு வருடம் படித்தவள். அவளாவது என் பக்கம் நிற்பாள் என்று நினைத்தேன்.

“அப்பா, கீழ ஒரு ரூம் எப்பவும் பூட்டியே கிடந்தது, ஞாபகமா? அதுக்குள்ளதான் இருந்திருக்கு. நீங்க ஒருநாளும் எனக்குக் காட்டேல்லை.”

மறுநாள் வேலைக்குப் போனதும் அந்த அறையை இன்னொருதடவை திறந்து பார்த்துவிட்டுப் பூட்டினேன்.

பெற்றோர் சங்கத்தின் ஆர்ப்பாட்டம் நவம்பரில் ஒரு வியாழக்கிழமை பின்னேரம், பாடசாலை முற்றத்தில் நடந்தது. தரை உறைந்து கண்ணாடி மாதிரி இருந்தது. வந்தவர்கள் வழுக்கி விழுந்தால் நான்தான் பதில் சொல்லவேண்டும். ஆகவே மதியமே முற்றம் முழுக்க உப்பும் சல்லியும் தூவினேன். ஒலிவாங்கிக்கு நீளக் கம்பி கேட்டார்கள், கொண்டுபோய் இழுத்துக் கொடுத்தேன். சோமாலியர், பாகிஸ்தானியர், நோர்வேக்காரர், தமிழர் என்று எல்லாரும் வந்திருந்தார்கள். அவ்வளவு பேர் ஒரு பெற்றோர் கூட்டத்துக்கும் வந்ததில்லை. ‘எங்கள் தடாகத்தைத் தொடாதே’ என்று பிள்ளைகள் அட்டையில் எழுதிப் பிடித்திருந்தார்கள். ஒரு நோர்வேத் தகப்பன் ஒலிவாங்கியைப் பிடித்து, தான் சின்ன வயதில் அந்தத் தடாகத்தில்தான் நீந்தப் பழகியதாகச் சொன்னார். அவர் பொய் சொல்கிற மனிதராகத் தெரியவில்லை. கண் கலங்கியிருந்தது. சனம் கைதட்டியது.

அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. மட்டக்களப்புக்காரரைக் கையில் பிடித்துக் கீழே கூட்டிக்கொண்டு போனேன். கதவைத் திறந்து விளக்கைப் போட்டேன்.

அவர் நன்றாகப் பார்த்தார்.

“தண்ணிய எப்ப இறைச்சாங்க?”

“தம்பி, இஞ்சை ஒருநாளும் தண்ணி இருக்கேல்லை.”

“டைல்சையும் கழட்டிட்டாங்களா?”

“டைல்சும் இருக்கேல்லை. குழியும் இருக்கேல்லை. தரையை ஒருக்கா மிதிச்சுப் பாரும். சீமெந்துக்குக் கீழை பாறை.”

அவர் மிதித்துப் பார்த்தார். இன்னொருதடவை, கொஞ்சம் பலமாக மிதித்தார். மேலே முற்றத்திலிருந்து கோஷம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு கதிரையை நிமிர்த்தி அதில் உட்கார முயன்றார். அதற்கு மூன்று கால்தான் இருந்தது. எழுந்துவிட்டார்.

“அப்ப மெய்யாவே இல்லையா?”

“இல்லை.”

“இத இப்ப மேல போய் நான் சொன்னனெண்டா சனம் எனக்குத்தான் அடிக்கும்.” தாடையைத் தடவிக்கொண்டு கேட்டார்: “அண்ணன், ஒண்டு கேக்கிறன். இந்தப் பசெங் இப்ப எப்பிடிப் பதிஞ்சு கிடக்கு?”

“தற்காலிகமா மூடினது எண்டு.”

“ஹொல்ம்லியா ரயில் ஓடாத நாளில நாங்க அதுக்குப் பதில் பஸ் ஓடுறம். ரயிலே இல்லாத ஊருக்கு அப்பிடிப் பஸ் விடுவாங்களா? விடமாட்டாங்க. அப்ப மூடின பசெங் இரிக்கிற பள்ளிக்குப் பதில் இடம் குடுக்கத்தானே வேணும்? இத நீக்கிப்போட்டா நாங்க தடாகம் இல்லாத பள்ளியாகிருவம். மறுகா வரிசையில கடைசி ஆள் நாங்கதான்.”

மூன்று மாதமாக அதிபரும் நானும் திணைக்களமும் யோசிக்காத விஷயம் அது. இரண்டு பேரும் மேலே போய் அதிபரிடம் சொன்னோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவருக்கு அது பிடிக்கவில்லை என்று தெரிந்தது. நேர்மையான ஆள் அல்லவா. யன்னலால் முற்றத்தைப் பார்த்தார். அட்டை பிடித்துக்கொண்டு நாலாம் வகுப்புப் பிள்ளைகள் குளிரில் நின்றார்கள்.

“நான் ஒரு பொய்யும் எழுதமாட்டேன்” என்றார். “மூடப்பட்டிருக்கிறது என்று திணைக்களமே பதிந்திருக்கிறது. அதை மேற்கோள் காட்டி இடம் கேட்பேன். அவ்வளவுதான்.”

அப்படியே எழுதினார். ஒரு வாரத்தில் பதில் வந்தது. பாடசாலையின் தடாகம் தற்காலிகமாக மூடப்பட்டிருப்பதால், நாலாம் வகுப்புக்குப் புதன்கிழமைகளில் நகரத்தின் வேறொரு தடாகத்தில் இடம் தரப்படுகிறது. உள்ளூர் மக்களின் வலுவான ஈடுபாட்டைக் கருத்தில் எடுத்து, நீக்கும் யோசனை கைவிடப்படுகிறது. பெற்றோர் சங்கம் வெற்றியைக் கொண்டாடிற்று. துணைத்தலைவர் பேச எழும்பினார், என்னைப் பார்த்தார், நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஒரு வில்லங்கம் மட்டும் மிச்சமிருந்தது. தடாகம் இருக்கிறபடியால் தடாகப் பொறுப்பாளனும் இருக்கவேண்டும். பொறுப்பாளன் உயிர்காக்கும் பயிற்சி முடித்திருக்கவேண்டும். தை மாதம் எனக்கு அழைப்பு வந்தது.

நான் யாழ்ப்பாணத்துக்கு மேற்கே ஒரு தீவில் பிறந்தவன். வள்ளத்தில் போய் வந்திருக்கிறேனே தவிர ஒருநாளும் நீந்தியதில்லை. கடலைப் பார்த்தாலே அம்மாவுக்குப் பயம், எங்களை இறங்க விடமாட்டா. ஐம்பத்திரண்டு வயதில், அரைக் காற்சட்டையோடு தடாகக் கரையில் நின்றேன். பயிற்சி தருகிற பெண், தண்ணீருக்கு அடியில் கிடந்த றப்பர் பொம்மையைக் காட்டி, குதித்து அதை எடுத்துவரச் சொன்னார்.

“எனக்கு நீந்தத் தெரியாது” என்றேன்.

“நீங்கள் தடாகப் பொறுப்பாளர்தானே?”

“ஓம். எங்கள் தடாகத்தில் தண்ணீர் இல்லை.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வளர்ந்தவர்களுக்கான தொடக்க வகுப்பில் பெயரைப் பதிந்துவிட்டார். கட்டணத்தைத் திணைக்களம் கட்டியது. சனிக்கிழமை தோறும் போனேன். முதல் மூன்று வாரம் சுவர்க் கம்பியை விடவில்லை. நாலாவது வாரம் அந்தப் பெண் ஒரு கையை என் முதுகுக்குக் கீழே கொடுத்து மல்லாக்கக் கிடக்கச் சொன்னார். கூரை விளக்குகளைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். காது தண்ணீருக்குள் போனதும் வெளிச்சத்தமெல்லாம் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவர் கையை எப்போதோ எடுத்துவிட்டார் என்பது தெரிந்தது. தெரிந்த உடனே அமிழ்ந்தேன், மூக்கால் தண்ணீர் குடித்தேன். ஆனாலும் அந்தக் கொஞ்ச நேரம் எனக்குப் போதும்போல இருந்தது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். “கவனமப்பா” என்றாள். அடுத்த சனிக்கிழமை தானும் வந்து கண்ணாடிக்கு அப்பால் உட்கார்ந்து பார்த்தாள்.

பொம்மையை எடுக்க இரண்டு தவணை வகுப்புப் பிடித்தது. பயிற்சி முடித்த சான்றிதழ் கிடைத்ததும் அதிபர் அதைத் திணைக்களத்துக்கு அனுப்பிவைத்தார்.

இந்த வருடம் நாலாம் வகுப்போடு தடாகத்துக்குப் போகப் பெரியவர் ஒருவர் தேவைப்பட்டார். உயிர்காக்கும் பயிற்சி முடித்தவர் எங்கள் பாடசாலையில் நான் ஒருவன்தான். புதன்கிழமைகளில் தும்புத்தடியை வைத்துவிட்டு அவர்களோடு பஸ்ஸில் போகிறேன். போன கிழமை ஒரு பிள்ளை ஆழமான பக்கத்தில் குதிக்கப் பயந்து கரையிலேயே நடுங்கிக்கொண்டு நின்றாள். நான் கீழே தண்ணீரில் மிதந்துகொண்டு கையை நீட்டினேன். நெடுநேரம் யோசித்தாள். பிறகு என் தலைக்கு மேலாலேயே பாய்ந்துவிட்டாள்.